திருநெல்வேலிப் பக்கம் குறைந்த செலவில் குறும்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

குறைந்த செலவில் எடுக்கப்படும் குறும்படம் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் கதை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. கையிலிருக்கும் பணத்துக்கேற்ப எழுத்திலேயே கதையைச் சுருக்காமல், படப்பிடிப்புக்குப் போன பிறகு பணமும் நேரமும் போதாமல் ஒவ்வொரு காட்சியாக வெட்டிக்கொண்டு வந்தால், அந்த ஓட்டைகள் திரையில் அப்படியே தெரியும். நண்பர்களோடு சேர்ந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சில குறும்படங்களில் வேலை செய்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டவற்றில், முதல் படம் எடுக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புவதை மட்டும் எழுதுகிறேன்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் வீட்டை விற்பதற்குத் தாயிடம் கையெழுத்து வாங்க வருகிறான் என்பது எங்கள் கதைகளில் ஒன்று. முதல் பிரதியில் அவன் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து ஜங்ஷனில் இறங்குவதும், பேருந்தில் ஊர் வந்து சேர்வதும், பத்திரப்பதிவு அலுவலகமும், கடைசியில் ஒரு கல்யாண வீடும் இருந்தன. ஏழு இடங்கள், பதினான்கு பேர். மூன்றாம் பிரதியில் ஒரு திண்ணை, ஓர் அடுக்களை, ஒரு கிணற்றடி, இரண்டு பேர், ஒரு மாலைப் பொழுது ஆகியவை மட்டுமே மிஞ்சின. அவனுடைய அவசரத்தைச் சொல்வதற்கு ரயிலும் பேருந்தும் தேவைப்படவில்லை. வந்ததும் அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் தாய் துவைத்துக் கொடியில் போடுகிறாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்பதற்குள் அவன் அதை எடுத்து, பிழிந்து, ஒரு பாலித்தீன் பைக்குள் திணிக்கிறான். அந்த ஒரு செய்கையிலேயே பார்ப்பவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஆகவே, எழுத உட்காருவதற்கு முன்னால் உங்களிடம் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டவுடன் கிடைக்கும் வீடு, தயங்காமல் கேமரா முன் உட்காரக்கூடிய பெரியப்பா, பக்கத்துத் தெருவில் பாய் நெய்கிறவர், சித்தப்பாவின் பழைய சைக்கிள் என்று அந்தப் பட்டியல் நீளும். கதை அந்தத் தாளுக்குள்ளிருந்து வர வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் ஓடும் படம் முதல் முயற்சிக்குப் போதுமானது; எழுதி முடித்ததும் கையில் கடிகாரத்தோடு வாய்விட்டு வாசித்து, நடிப்புக்கும் மௌனத்துக்கும் உரிய இடைவெளிகளையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

அடுத்தது ஒலி. இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். செல்போனுக்குள் இருக்கும் மைக்கை நம்பி ஆறடி தூரத்திலிருந்து வசனத்தைப் பதிவு செய்யக் கூடாது. திறந்த வெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது, சுற்றுச் சத்தமோ குறைவதில்லை. நடிப்பவரின் நெஞ்சருகே ஒரு காலர் மைக்கைக் குத்தி, அவருடைய சட்டைப்பையிலேயே இன்னொரு செல்போனை வைத்துத் தனியாகப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு டேக்கின் (காட்சியை ஒரு முறை நடித்துப் பதிவு செய்வதன்) தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு முறை கைதட்டிவிட்டால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது.

எங்கள் முதல் படத்தில் இது தெரியாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆடி மாதத்தில் வயல்வரப்பில் காட்சி வைத்தோம். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று இந்தச் சீமைக்குள் பாய்கிற காலம் அது. இங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். அன்று பதிவான எல்லாவற்றிலும் காற்று மைக்கில் மோதும் இரைச்சல் மட்டுமே இருந்தது. பிறகு டப்பிங் செய்யலாம் என்று தாயாக நடித்த ஆச்சியை உட்கார வைத்தபோது, அவரால் தம் உதட்டசைவுக்கே ஒத்துப் பேச முடியவில்லை. குரலில் இருந்த உயிரும் போய்விட்டது. ஆனி முதல் ஆவணி வரை வெளியில் வசனக் காட்சி வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் மைக்குக்கு முடியுறை (காற்றின் இரைச்சலைத் தடுக்கும் ரோமத் துணி உறை) போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நடிகரை நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் அணைத்துவிடுங்கள்; மறுபடி போட மறந்து வீட்டுக்காரரின் மாவு புளித்துப் போகாமல் இருக்க, உங்கள் வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதை எடுக்காமல் நீங்கள் கிளம்ப முடியாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய வசனங்களுக்கு நடுவே நிரப்ப அது தேவைப்படும். தேதி குறிப்பதற்கு முன் ஊரில் கோயில் கொடை (திருவிழா) என்றைக்கு என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். கொடை நாட்களில் குழாய் ஒலிபெருக்கி பகலும் இரவும் பாடும், அதை நிறுத்தச் சொல்வதற்கு நமக்கு உரிமையும் இல்லை.

நடிகர்கள் ஊர்க்காரர்களாக இருந்தால், வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நாங்கள் எழுதியிருந்த வரி, "எப்போது சென்னைக்குத் திரும்புகிறாய்?" என்பது. ஆச்சி அதை நான்கு முறை ஒப்பித்தார். நான்கும் பள்ளிக்கூடப் பாடம்போல இருந்தன. ஐந்தாவது முறை தாளை வாங்கி வைத்துவிட்டு, "உங்க மவன் காலையில வந்தவன், சாயங்காலமே பையைக் கட்டுதான், என்ன கேப்பிய ஆச்சி?" என்றோம். அவர் கொடியைப் பார்த்தபடியே, "அதுக்குள்ள பொறப்படுதியால?" என்றார். தேதி கேட்கும் கேள்வியாக நாங்கள் எழுதியிருந்தது அவர் வாயில் மனத்தாங்கலாக மாறியது. சூழ்நிலையைச் சொல்லி, பேச்சை அவர்களிடமே விட்டுவிடுவது நம் பக்கத்துப் பேச்சின் சுருதி கெடாமல் படத்தில் வருவதற்குச் சிறந்த வழி. இதற்கு ஒரே நிபந்தனை, ஒரு டேக்கில் சொன்னதை அடுத்த டேக்கில் சொல்ல மாட்டார்கள் என்பதால், முடிந்தால் இரண்டு செல்போன்களை வைத்து இரண்டு கோணங்களையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சத்துக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் இங்கே ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது எடுத்தால் கண்குழிகள் கறுத்துப்போகும். காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் வெளிக்காட்சிகளை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தின் நிழல் தெளியும். மலையடிவார ஊர்களில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் பக்கமெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால், நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே வெயில் போய்விடும். முந்தின நாளே போய் நின்று பார்த்து, எத்தனை மணிக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் எடுக்கும்போது ஃபோகஸ் (எது தெளிவாகத் தெரிகிறது என்பது), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதியும் நேரம்) 1/50 வினாடி என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது. இதற்கு மேல் கேமராவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பணத்தை முதலில் சாப்பாட்டுக்கும், அடுத்ததாக மைக்குக்கும் ஒதுக்குங்கள். சம்பளம் வாங்காமல் வந்தவர்களுக்கு நேரத்துக்குச் சோறும் தேநீரும் கொடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்: களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் எடுக்க வனத்துறையிடமும், ரயில் நிலையத்தில் எடுக்க ரயில்வேயிடமும், கோயிலுக்குள் எடுக்க அதன் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். டீக்கடை ரேடியோவில் ஓடும் சினிமாப் பாட்டு வசனத்துக்குப் பின்னால் பதிவானாலும் உரிமைச் சிக்கல் வரும், கடைக்காரரிடம் சொல்லி அணைத்துவிடுங்கள். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்காமல் செல்போனிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது.

எடிட்டிங் முடிந்ததும், கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் படத்தைக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். கண் எங்கே விலகுகிறது, கை எந்த நிமிடத்தில் செல்போனைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேறொரு படத்தில் மூன்று பேருமே நான்காவது நிமிடத்தில் விலகினார்கள். அங்கே கதாநாயகன் வாய்க்கால் கரையில் தனியாக நடந்து போகும் ஷாட் நாற்பது வினாடி ஓடியது; விடியற்காலையில் எழுந்து போய் மூன்று நாள் காத்திருந்து எடுத்த ஷாட் என்பதால் யாருக்கும் கைவைக்க மனம் வரவில்லை. அதை ஏழு வினாடியாக்கினோம். அடுத்து பார்த்தவர்கள் யாரும் அந்த இடத்தில் கண்ணை எடுக்கவில்லை.