பள்ளி நிதிக்காகச் செடி விற்பனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலக அலமாரிக்கோ விளையாட்டுப் பொருள்களுக்கோ பணம் திரட்டச் செடி விற்பனை நடத்தலாம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் தீர்மானித்தவுடன் முதலில் குறிக்கப்படுவது தேதிதான். முதல் தவறும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது. ஆண்டு விழாவுக்குக் கூட்டம் வரும் என்று கருதி மார்ச்சிலோ ஏப்ரலிலோ நாளைக் குறித்தால், வாங்கிச் சென்ற செடி மொட்டைமாடி வெயிலில் இரண்டே வாரத்தில் கருகிவிடும். அடுத்த முறை அந்தப் பெற்றோர் மேசைப் பக்கம் திரும்பமாட்டார்கள். காய்கறி நாற்றுக்கு ஏற்றது ஆடிப் பட்டம். ஜூனில் பள்ளி திறந்ததும் குழித்தட்டில் விதைத்தால் தக்காளி, கத்தரி நாற்றுகள் 25 முதல் 30 நாள்களிலும், மிளகாய் நாற்று 35 முதல் 40 நாள்களிலும் தயாராகி, ஆடி மாத விற்பனைக்குச் சரியாக இருக்கும். செப்டம்பர் இறுதியில் விற்க நினைப்பவர்கள் காலாண்டு விடுமுறையை மறந்துவிடுகிறார்கள்: பூட்டிய பள்ளிக்குள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தட்டுகள் காய்ந்து கிடக்கும்.

பணத்தை இழக்கச் செய்யும் பெரிய தவறு, முன்பதிவு வாங்காமல் கண்ணளவில் சரக்கெடுப்பது. எடுத்துக்காட்டாக, கன்று 15 ரூபாய், தொட்டி 20 ரூபாய், மண்கலவை 7 ரூபாய் என ஒரு செடிக்கு 42 ரூபாய் செலவிட்டு, 60 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். 300 செடிகளும் விற்றால் 5,400 ரூபாய் மிஞ்சும். அவற்றுள் 60 செடிகள் தேங்கினால் வரவு 14,400 ரூபாய், செலவு 12,600 ரூபாய். மிச்சம் 1,800 ரூபாய் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு செடி தேங்கியதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதாயம் போய்விடுகிறது. நர்சரியிலிருந்து ஏற்றி வந்த மினி வேனின் வாடகையை இன்னும் கழிக்கவே இல்லை. வகுப்புவாரியாக ஒரு தாளை அனுப்பி, எந்தச் செடி எத்தனை வேண்டும் என்று எழுதி வாங்கி, முன்பணமும் பெற்றுக்கொண்டு, அதற்கு மேல் சிறிதளவு மட்டும் கூடுதலாக எடுப்பதே பாதுகாப்பானது. கற்பூரவல்லி போன்றவற்றைப் பெற்றோர் வீட்டுத் தண்டுகளிலிருந்தே வளர்த்துக்கொள்ளலாம் என்பதால், அவற்றைக் காசு கொடுத்து வாங்குவதும் வீண்செலவுதான். ஆனால் செம்பருத்திக் குச்சி அவ்வளவு விரைவில் வேர்பிடிக்காது. தளிர் விட்டதை மட்டும் பார்த்து, வேர் இறங்குவதற்கு முன்பே விற்றுவிடக்கூடாது.

எதை விற்பது என்பதில், வாங்குபவரின் வீட்டை நினைத்துப் பார்ப்பது குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் ஒட்டு மாங்கன்றைக் குவிப்பதால் பயனில்லை. அங்கே துளசி, கற்றாழை, மணி பிளான்ட், கீரை விதைத்த தட்டு ஆகியவை போகும். முற்றமும் கொல்லையும் உள்ள ஊர்ப்புறத்தில் முருங்கையும் எலுமிச்சையும் கேட்பார்கள். அரளியும் டைஃபன்பேக்கியாவும் அழகானவை என்பதற்காகப் பள்ளி மேசையில் இடம்பெறக்கூடாது. அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. டைஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை நேரே விற்பனை மேசைக்குக் கொண்டுவருவதும் அடிக்கடி நேர்வது. விற்பனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சற்றுக் குறைத்து, காலை வெயிலை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போய்ப் பழக்கினால்தான் தண்டு உரம்பெறும். அந்த வாரத்தில் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ தென்பட்ட செடியை மற்றவற்றோடு வைத்தால், பள்ளியின் பெயரோடு பூச்சியும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

பெயர் எழுதாமல் விடுவது அற்பமாகத் தோன்றினாலும், கத்தரியும் சுண்டையும் நாற்றுப் பருவத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், பின்னால் வருகிற புகார்களுக்கு அதுவே காரணமாகிறது. விதைத்த அன்றே ஐஸ் குச்சியில் பென்சிலால் இரகத்தையும் தேதியையும் எழுதிச் செருகிவிட வேண்டும். பேனா மை இரண்டு முறை தண்ணீர் ஊற்றியதும் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். ‘பி.கே.எம். 1’ முருங்கை என்று எழுதியிருந்தால், அது பெரியகுளத்தில் உருவான செடிமுருங்கை என்று தெரிந்தவர்கள் தாமே கேட்டு வாங்குவார்கள். ஒட்டுக் கன்றாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்ற ஒற்றை வரியையும் சேர்க்கலாம்.

விற்பனை நாளில் நண்பகல் வரை நீட்டுவது வேண்டாத வேலை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிட்டால் செடியும் வாடாது, பிள்ளைகளும் சோரமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால், பை கொண்டுவருமாறு முன்பதிவுத் தாளிலேயே குறிப்பிட்டு, இல்லாதவர்களுக்கு அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைப்பது நல்லது.

பணம் வாங்கும் இடத்தில் ஓர் ஆசிரியரின் சொந்த வங்கிக் கணக்குக்கான கியூஆர் அட்டையை ஒட்டுவது, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். கழகத்தின் கணக்கையே பயன்படுத்தி, ரொக்கத்தைப் பெரியவர்கள் இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் இத்தனை செடி விற்றாக வேண்டும் என்று இலக்கு வைப்பதை நான் சிறிதும் ஏற்பதில்லை: வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகுவதுதான் மிச்சம். மீந்த செடிகளைக் கடைசி அரை மணியில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, அதன்பிறகும் எஞ்சியதை யார் எங்கே நடுவது, விடுமுறையில் யார் நீரூற்றுவது என்பதை விற்பனைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.