பைபாஸுக்குப் பின் அப்பாவின் குணம் மாறினால் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் தந்தைக்குப் பைபாஸ் நடந்தபோது நான் செய்த பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் செய்வதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. உப்பு, தையல், மாத்திரை நேரம் ஆகியவற்றை வீடு திரும்பும் நாளிலேயே சொல்லித்தருகிறோம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐ.சி.யூ.வில் பேசியதை மனதில் வைத்துக்கொள்வது

முதல் சில நாட்களில் முதியவர்களுக்கு டெலீரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வருவதுண்டு. தம்மைக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்பார். பெற்ற மகனையே ஏசுவார். அவரோடு வாதாடாமல், கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொடுத்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்வது

என் தந்தை அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். நாளிதழுக்காக விடியலிலேயே வாசலில் நிற்பவர். வீடு திரும்பிய மூன்றாம் வாரத்திலிருந்து நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது. குழம்பில் புளி கூடினாலே கோபப்படுபவர், எதை வைத்தாலும் இரண்டு வாய் உண்டுவிட்டு எழுந்துபோனார். அப்பா சாதுவாகிவிட்டார் என்று அம்மாவும் நானும் நிம்மதி அடைந்தோம். மறுபரிசோதனையில் மருத்துவர், "எப்படி இருக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டபோது, அவர் வாய் திறக்குமுன் நானே, "நன்றாக இருக்கிறார் டாக்டர், தையல் ஆறிவிட்டது" என்றேன். அடுத்த முறையும் அப்படியே செய்தேன். நான்காம் மாதம் தலையணை உறைக்குள் விழுங்காத மாத்திரைகளைக் கண்டெடுத்த பிறகுதான், நாங்கள் அமைதி என்று எண்ணியது மனச்சோர்வு என்று விளங்கியது. இத்தனை பேரிடம் சொல்லித்தரும் எனக்கே அது தெரியவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பைபாஸுக்குப் பின் மனச்சோர்வு அரிதன்று. அது நீடித்தால் நடைப்பயிற்சியும் மருந்தும் நின்றுபோய், உயிருக்கான ஆபத்தும் கூடுகிறது. கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுப் போனதா என்னும் இரண்டு கேள்விகளை இதய நோயாளிகளிடம் கேட்குமாறு அமெரிக்க இதயச் சங்கம் 2008-இல் பரிந்துரைத்தது. வீட்டில் நீங்களும் கேட்கலாம். பதிலை மட்டும் அவரே சொல்லட்டும். மருத்துவர் அறையில் சிறிது நேரம் அவரைத் தனியே பேச விடுங்கள்.

"அடைப்புதான் நீங்கிவிட்டதே, இனி என்ன கவலை?"

சொல்லாதீர்கள்.

மாத்திரையைத் தாமாக நிறுத்துவது

இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளால் சிலருக்குக் களைப்பும் கெட்ட கனவுகளும் வரலாம். அதற்காகத் திடீரென நிறுத்தினால் மாரடைப்புகூட நேரலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

எல்லாவற்றையும் மனநிலை என்று விட்டுவிடுவது

திடீரெனப் பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதால் உடனே 108-ஐ அழையுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் ஒருமுறை சொன்னாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.