கம்பெனி வீடியோ: பட்ஜெட்டில் ஓட்டை விழும் இடங்கள்

"மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு எடுக்கணும், எவ்வளவு ஆகும்?" திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களிலிருந்து எனக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சதுர அடிக்கு எவ்வளவு என்று கொத்தனாரிடம் கேட்பது மாதிரி. வீடியோவில் நிமிடக் கணக்கு உதவாது. எத்தனை நாள் ஷூட்டிங், எத்தனை இடம், யூனிட்டில் எத்தனை பேர் என்பதில்தான் செலவு இருக்கிறது. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை வேறிடம், தையல் மூன்றாவது இடம் என்றால் அதே மூன்று நிமிடத்துக்கு மூன்று நாள் கால்ஷீட் போய்விடும்.

அதனால் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே, யாருக்காக இந்த வீடியோ என்று முடிவு செய்துவிடுங்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் காட்டுவதும், தையலுக்கு ஆள் எடுக்கப் போடுவதும் ஒரே வீடியோவாக இருக்க முடியாது. செலவு மிச்சம் என்று இரண்டையும் ஒன்றில் திணித்தால், பையர் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேலை தேடி வந்தவர் சர்டிஃபிகேட் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஷூட்டிங்கில் இரண்டுக்கும் தேவையானதை எடுத்து, தனித்தனியாக எடிட் செய்வதுதான் உண்மையான மிச்சம். ஆனால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவது ரெக்கி, அதாவது ஷூட்டிங்குக்கு முன்பே போய் இடத்தைப் பார்த்து வருவது. "ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க எதுக்குப் பணம்?" ஒருமுறை நானும் சரி என்று விட்டுவிட்டு நேராக ஷூட்டிங்குக்குப் போனேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தொழிற்கூடத்து டியூப்லைட்டுகள் பல, நொடிக்கு 100 முறை மங்கி மின்னுகின்றன. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் தெரியாது. ஸ்லோமோஷனுக்காக 120 ஃபிரேமுக்குப் போனோம். எடிட் டேபிளில் பார்த்தால் நூல் ஓடும் ஷாட் எல்லாம் படபடவென்று மின்னுகிறது. அரை நாள் ரெக்கியை மிச்சம் பிடித்து ஒரு நாள் ஷூட்டிங்கைத் தூக்கிப் போட்டோம்.

அதைவிடப் பெரிய செலவு வைப்பது, கேமராவுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கவனிக்காதது. ஓவர்லாக் மெஷினில் விரலைக் காக்கும் நீடில் கார்டு இல்லை, செக்கிங் டேபிளில் ஒருவர் மாஸ்க்கைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார், எக்ஸிட் வழியில் மஞ்சள் கோட்டைத் தாண்டி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. நமக்கு அது அழகான ஷாட். ஆடிட் பார்த்துப் பழகிய பையர் கண்ணுக்கு முதலில் அந்தப் பெட்டிதான் தெரியும். இன்னொன்று, வேறு பையரின் லேபிள். அது ஃபிரேமில் தெரிந்தால் ரகசிய ஒப்பந்தப் பிரச்சினை. ஷாட்டை மங்கலாக்கலாம், பார்க்க அசிங்கமாக இருக்கும். விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆளையும், பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரையும் நாள் முழுக்க மானிட்டர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தக் காவலுக்கு எந்த கொட்டேஷனிலும் தனி வரி வராது.

தேதியும் அப்படித்தான். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வரும் நாள் பேப்பரில் முன்கூட்டியே வருகிறது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதில் எல்லா மெஷினும் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளி முடிந்த வாரத்தில் தையல் வரிசையில் பாதி இருக்கை காலியாக இருக்கும். மில் சூலூர்ப் பக்கம் என்றால் ட்ரோன் ஷாட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி கோவை விமான நிலையம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு அப்புறம் ட்ரோன்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கரெக்‌ஷனில் கரையும் பணம் தனி. ஜி.எம். ஓகே சொல்வார், மார்க்கெட்டிங் ஓகே சொல்லும், வாய்ஸ் ஓவர் பதிவாகி மியூசிக்கும் சேர்ந்த பிறகு எம்.டி. முதல்முறையாகப் பார்த்து "நம்ம அப்பா ஆரம்பிச்ச கதை வரலையே" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அதை ஸ்கிரிப்ட் தாளில் சொல்லியிருந்தால் ஒரு டீ செலவு. ஸ்கிரிப்ட்டில் கடைசிக் கையெழுத்து யாருடையது, எத்தனை சுற்று கரெக்‌ஷன் விலைக்குள் அடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டு சுற்று போதும் என்பது என் கணக்கு. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் தமிழ் வாசிப்பு பெரும்பாலும் நீளும். படத்தை வெட்டி முடிக்கும் முன் இரண்டையும் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள்.

கொட்டேஷனில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, யூனிட்டின் பேட்டா, சாப்பாடு, வண்டி யார் செலவு, மியூசிக் லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். சினிமாப் பாட்டு போட்டுத் தரச் சொல்லாதீர்கள், யூடியூபே பிடித்துவிடும். மொத்தத்தில் 10% தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். மிஞ்சியது என்று சொல்ல எனக்கு ஒரு அனுபவமும் இல்லை.

கடைசியாக ஃபுட்டேஜ், அதாவது கேமராவில் எடுத்த மொத்தப் படம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஹார்ட் டிஸ்க், படம் எடுத்தவர் வீட்டில் இருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும்; இரண்டு வருடம் கழித்து நீங்கள் கேட்கும்போது அவர் அதை அழித்திருப்பார். இரண்டு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஷூட்டிங் முடிந்த அன்று ராத்திரியே காப்பி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.