வாங்கும் முன் வாசித்துப் பாருங்கள்: இலவச சாம்பிள் லைப்ரரியைச் சோதிக்கும் முறை

ஒரு சாம்பிள் லைப்ரரியை (நிஜ வாத்தியங்களின் ஒலியைப் பதிவு செய்து, கணினியில் வாசிக்கத் தரும் தொகுப்பு) வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, விற்பனைப் பக்கத்தில் ஓடும் டெமோ இசையை மட்டும் நம்பாதீர்கள். அந்த டெமோவைச் செய்தவருக்கு லைப்ரரி எங்கே சொதப்பும் என்று தெரியும். அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். அதற்கு மேல் ரிவெர்ப், ஈக்யூ, மிக்ஸிங் என்று பூச்சு வேறு. நம் விரலுக்கும் நம் கணினிக்கும் அது எப்படி ஒத்துழைக்கும் என்பது டெமோவில் தெரியவே தெரியாது.

பெரிய லைப்ரரியிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்து, தயாரித்தவர்களே இலவசமாகத் தரும் சிறு பதிப்புகள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. பலர் அவற்றை இறக்கி, நாலு கார்டு வாசித்துவிட்டு, 'பரவாயில்லை' என்று மூடிவிடுகிறார்கள். ஒழுங்காகச் சோதித்தால் அந்த நிறுவனம் எப்படிப் பதிவு செய்கிறது, எங்கே சோம்பேறித்தனம் காட்டுகிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

டிஏடபிள்யூவில் (கணினியில் இசையைப் பதிவு செய்து தொகுக்கும் மென்பொருள்) டிராக் திறப்பது, மிடி கீபோர்டை இணைப்பது, ஆடியோ டிரைவர் அமைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

இலவசம் என்று கிடைப்பவை எல்லாம் ஒரே ரகம் கிடையாது. ஸ்பிட்ஃபயரின் லேப்ஸ் தொடர், பியானோபுக்கில் கிடைப்பவை, சாலமாண்டர் கிராண்ட் பியானோ போன்றவை தனியாகவே இலவசமாக வந்தவை. அருமையானவைதான், ஆனால் வேறொரு லைப்ரரியை வாங்கலாமா என்று அவை சொல்லாது. நமக்கு வேண்டியது விலைக்கு விற்கும் லைப்ரரியின் குட்டிப் பதிப்பு. பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர், ஆம்பிள் கிட்டார் எம் லைட், ஷ்ரெடேஜ் 3 ஸ்ட்ராட்டஸின் இலவசப் பதிப்பு, பிராஜெக்ட்சாமின் தி ஃப்ரீ ஆர்கெஸ்ட்ரா ஆகியவை இந்த வகை.

வெட்டும் இடம் ஒவ்வொருவருக்கும் மாறும். சிலர் வாத்தியங்களைக் குறைப்பார்கள், சிலர் ஆர்டிகுலேஷனை (வாசிப்பு முறைகள்), சிலர் மைக் நிலைகளை, சிலர் வெலாசிட்டி அடுக்குகளை (கீயைத் தட்டும் விசைக்கு ஏற்பத் தனித்தனியாகச் செய்த பதிவுகள்). டிஸ்கவரை எடுத்துக்கொள்ளுங்கள். 33 வாத்தியங்கள், 47 வாசிப்பு முறைகள், எல்லாம் சேர்த்தே சுமார் 200 எம்பிதான். அதன் ப்ரொஃபெஷனல் பதிப்போ நூற்றுக்கணக்கான ஜிபி. இரண்டுக்கும் லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் அதே கலைஞர்களை வைத்துச் செய்த பதிவுதான் மூலம். ஆகவே வாத்தியங்களின் குணத்தையும் அறையின் நாதத்தையும் டிஸ்கவரை வைத்தே எடை போடலாம். ஆனால் அதில் ஒரே ஒரு மைக் மிக்ஸ்தான், லெகாட்டோ (நோட்களை இடைவெளியின்றி ஒட்டி வாசிப்பது) கிடையாது. 'வயலின் வரிசை ஒட்டாமல் கேட்கிறதே' என்று அதை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை.

பெரிய பதிப்பின் ஆர்டிகுலேஷன் பட்டியலையும் சிறியதன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தீர்ப்பு சொல்லும்போது அந்தத் தாள் உதவும்.

படி 2: பிளேயர் (இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்)

நானும் இங்கேதான் நின்றேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சாம்பிள் லைப்ரரி தானாக ஒலிக்காது, அதைத் திறக்க ஒரு பிளேயர் வேண்டும். சில நிறுவனங்கள் சொந்த பிளக்இன் (டிஏடபிள்யூவுக்குள் ஓடும் மென்பொருள்) வைத்திருக்கின்றன: ஸ்பிட்ஃபயருக்கு அதனுடையது, ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸுக்கு சைன் பிளேயர். அங்கே குழப்பமே இல்லை. நிறுவினால் வாசிக்கலாம்.

குழப்பம் கான்டாக்ட்டில். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த அதில்தான் வேறு பல நிறுவனங்களின் லைப்ரரிகளும் திறக்கும். கான்டாக்ட் பிளேயர் இலவசம், முழு கான்டாக்ட் விலைக்கு. ஒரு லைப்ரரி பிளேயரில் தடையின்றி ஓட வேண்டுமானால் தயாரித்தவர்கள் அதற்கென்று உரிமம் பெற்று அதைக் குறியாக்கம் செய்திருக்க வேண்டும். தி ஃப்ரீ ஆர்கெஸ்ட்ரா, ஹெவியாசிட்டியின் ஃபவுண்டேஷன்ஸ் தொடர் போன்றவை அப்படிச் செய்தவை, நேட்டிவ் ஆக்சஸ் என்ற நிறுவும் செயலி வழியாகச் சேர்த்தால் முடிந்தது. சிறிய நிறுவனங்களின் இலவசப் பொருட்கள் பல அப்படி இல்லை. அவற்றின் பக்கத்தில் 'முழு கான்டாக்ட் தேவை' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இறக்கும் முன் அந்த வரியைத் தேடுங்கள்.

அந்த வரியைக் கவனிக்காமல் இறக்கிவிட்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும்.

ஒன்று, லைப்ரரியைச் சேர்க்கும் இடத்தில் கோப்புறையைக் காட்டினால் அது ஏற்காது. கோப்புறையில் என்ஐசிஎன்டி என்ற கோப்பு இல்லாததுதான் காரணம். லைப்ரரி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்க வேண்டாம். கான்டாக்ட்டின் உள்ளேயே இருக்கும் கோப்பு உலாவியில் அந்தக் கோப்புறைக்குப் போய், என்கேஐ என்று முடியும் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். திறந்துவிடும்.

இரண்டு, பிளேயரில் அப்படித் திறந்தது 15 நிமிடம்தான் உயிரோடு இருக்கும். டெமோ நேரம் முடிந்ததும் அந்த வாத்தியம் மட்டும் பேசாமல் நின்றுவிடும். இது தெரியாவிட்டால் கேபிள், பஃபர், டிரைவர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒரு மாலை போய்விடும். ஒரு டிராக் மட்டும் திடீரென்று மௌனமானால் முதலில் கான்டாக்ட் ஜன்னலைத் திறந்து பாருங்கள். சோதனைக்கு 15 நிமிடம் போதும், பாட்டு போட போதாது.

கூடவே இரண்டு சின்னச் சிக்கல்கள். என்கேஐ கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் சாம்பிள்களைக் காணோம் என்று கேட்கும், சாம்பிள் கோப்புறையைக் கையால் காட்ட வேண்டும். நகர்த்துவதென்றால் முழுக் கோப்புறையையும் சேர்த்து நகர்த்துங்கள். அப்புறம், புதிய கான்டாக்ட்டில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. பழையது புதியதில் திறக்கும்.

கான்டாக்ட்டுக்கு வெளியே இலவச உலகத்தில் எனக்குப் பிடித்தது பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ. பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் அது வாசிக்கும் எஸ்எஃப்இசட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். லோவெல், ஹைவெல் என்ற எண்களைப் பார்த்தாலே எத்தனை வெலாசிட்டி அடுக்கு என்று எண்ணிவிடலாம். டீசன்ட் சாம்ப்ளரும் நல்லதே, பியானோபுக்கில் உள்ளவற்றுக்கு அதுதான் வசதி.

படி 3: பூச்சை உரித்துவிடுங்கள்

வாத்தியத்தின் உள்ளே இருக்கும் ரிவெர்ப், டிலே, ஈக்யூ எல்லாவற்றையும் அணையுங்கள். பளபளப்பாகத் திறக்கும் பல பேட்ச்கள் (வாத்தியக் கோப்புகள்) இப்படி அணைத்தவுடன் சாயம் வெளுத்துவிடும். வெளுக்காதவற்றை மட்டும் அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

படி 4: சோதனை

கையால் வாசிப்பதோடு பியானோ ரோலிலும் (டிஏடபிள்யூவில் நோட்களை வரையும் ஜன்னல்) வரையுங்கள். கை தவறுகளை மறைத்துவிடும், வரைந்த நோட் மறைக்காது.

முதலில் ஒரே நோட்டை, ஒரே வெலாசிட்டியில், 90 என்று வைத்துக்கொள்ளுங்கள், பதினாறாம் பங்கு நோட்களாக இரண்டு பார் போடுங்கள். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் வேறுபட்டுக் கேட்டால் ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டின் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிப்பது) இருக்கிறது. எல்லாம் அச்சடித்தது போலக் கேட்டால் இல்லை, அல்லது இலவசப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். படி 1-இல் எழுதிய தாளைப் பாருங்கள்.

அடுத்து அதே நோட்டை வெலாசிட்டி 1-இலிருந்து 127 வரை ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே திடீரென்று குணம் மாறுகிறதோ அங்கே ஓர் அடுக்கு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. தாவல் இருப்பது இயல்பு, காதை உறுத்தும் தாவல்தான் பிரச்சினை. ஒப்பிட அளவுகோல் வேண்டுமென்றால் சாலமாண்டரை வைத்துக்கொள்ளுங்கள். யமஹா சி5 பியானோவை 16 வெலாசிட்டி அடுக்குகளில் பதிவு செய்தது, முழுக்க இலவசம். காசு கேட்கும் பியானோ அதைவிடத் தெளிவாக மேலே இருக்க வேண்டும்.

பிறகு கீழிருந்து மேல் வரை எல்லா நோட்டையும் வரிசையாக, ஒரே வெலாசிட்டியில். சாலமாண்டரிலேயே மூன்று செமிடோனுக்கு ஒரு பதிவுதான், நடுவில் உள்ளவை இழுத்து நிரப்பியவை. இழுத்தது காதில் படாமல் இருந்தால் சரி. சுருதி விலகிய நோட், பக்கத்து நோட்டைவிட இடப்பக்கம் தள்ளிக் கேட்கும் நோட், பின்னணியில் நாற்காலி கிறீச்சிடும் நோட் எல்லாம் இந்தச் சோதனையில் மாட்டும்.

தந்தி, காற்று வாத்தியங்களுக்குக் கீபோர்டில் உள்ள மாட் வீல் என்ற சக்கரம், மிடியில் அதன் பெயர் சிசி1. நீளமான ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக 0-இலிருந்து 127 வரை ஏற்றுங்கள். மெல்லிய வாசிப்பிலிருந்து அழுத்தமான வாசிப்புக்கு மாறும்போது நடுவில் இரண்டு பேர் வாசிப்பது போலவோ, குழாய்க்குள் இருந்து வருவது போலவோ கேட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அர்த்தம். குழு வாத்தியங்களில் இது மறைந்துவிடும், தனிப் புல்லாங்குழலில் மறையாது. ஆகவே இந்தச் சோதனையைத் தனி வாத்தியத்தில் செய்யுங்கள். சிசி1-ஐ ஏற்றும்போது சத்தம் மட்டும் கூடி குணம் மாறவில்லை என்றால் ஒரே அடுக்குதான் இருக்கிறது.

லெகாட்டோ இருந்தால் மெட்ரோனோமோடு வாசியுங்கள். ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்திருப்பதால், அடுத்த நோட் கொஞ்சம் தாமதமாகத்தான் நிலைக்கு வரும். டெமோவில் இது தெரியாது, நோட்களை முன்னாலேயே நகர்த்தி வைத்திருப்பார்கள். 120 டெம்போவில் பதினாறாம் பங்கு நோட் ஒன்று 125 மில்லிநொடி. தாமதம் அவ்வளவு இருந்தால் ஒரு முழுப் பதினாறாம் பங்கு பின்தங்குகிறீர்கள். டிராக் டிலேயை மைனஸில் வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் நேரடியாக வாசித்துப் பதிவு செய்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. என்னைப் பொறுத்தவரை ஒரு லைப்ரரியை நிராகரிக்க இது ஒன்றே போதும்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு பாட்டின் மிடியை (ஒலி இல்லாத, நோட் விவரம் மட்டும் உள்ள பதிவு) எடுத்து இந்த வாத்தியத்தில் ஓட்டுங்கள். புதிதாக வாசித்தால் வாத்தியத்துக்குப் பொருந்துவதையே விரல் தேடிப்போகும். பழைய மிடி சமரசம் செய்யாது.

படி 5: கணினி தாங்குமா?

இதற்கு இலவசப் பதிப்பு நேரடியாகப் பதில் சொல்லாது, கணக்குப் போடலாம். கான்டாக்ட்டில் வாத்தியத்தின் தலைப்பில் 'வாய்சஸ்' என்று ஓர் எண் ஓடும், அந்த நேரத்தில் எத்தனை சாம்பிள்கள் ஒன்றாக ஒலிக்கின்றன என்பது அது. ஒரு நோட்டுக்கு 4 அடுக்குகள் ஒன்றாக ஓடுகின்றன என்று வையுங்கள். பெரிய பதிப்பில் 5 மைக்குகளைத் திறந்தால் அது 20, நாலு நோட் கார்டுக்கு 80. இதைத்தான் வட்டு ஒரே நேரத்தில் படித்துத் தர வேண்டும். சாம்பிளின் தொடக்கம் மட்டும் ரேமில் இருக்கும், மீதி வட்டிலிருந்து ஓடிவரும். சுழலும் வட்டில் பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி வைப்பது வீண் வேலை, எஸ்எஸ்டி வாங்கிய பிறகு லைப்ரரி வாங்குங்கள்.

படி 6: சிறியதில் எழுதி பெரியதுக்கு மாறுவது

பிபிசி வரிசையில் இதை நினைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். டிஸ்கவரில் எழுதியதைக் கோர், ப்ரொஃபெஷனல் பதிப்புகளுக்குக் கொண்டுபோகலாம். மற்றவற்றில் கீஸ்விட்ச் (ஒலிக்காமல், ஆர்டிகுலேஷனை மட்டும் மாற்றும் கீ) இடம் மாறியிருக்கலாம். அதனால் கீஸ்விட்ச் நோட்களை இசையோடு கலக்காமல் தனி மிடி கிளிப்பில் வையுங்கள், கியூபேஸ் என்ற டிஏடபிள்யூ என்றால் ஆர்டிகுலேஷனை மாற்ற அதிலேயே உள்ள எக்ஸ்பிரஷன் மேப் வசதி. இலவசப் பதிப்பை நீக்கும் முன் அந்த டிராக்குகளை ஆடியோவாக எடுத்து வைப்பதும் நல்லது.

படி 7: உரிமம்

இசையில் பயன்படுத்த, அந்த இசையை விற்க, பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சாம்பிளைத் தனியாகப் பகிரவோ அதை வைத்து இன்னொரு லைப்ரரி செய்யவோ அனுமதிப்பதில்லை. தனிநபர்கள் தரும் இலவசப் பொருட்களில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கலாம், படித்துப் பாருங்கள். விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி பதிப்பு என்ற இலவச ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி சிசி0 உரிமத்தில் (உரிமைகளை விட்டுக்கொடுத்து எல்லாருக்கும் திறந்துவிடுவது) இருப்பதால் அதில் இந்தக் கவலையே கிடையாது. உரிமக் கோப்பை லைப்ரரியோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள்.

பின்சேர்க்கை

'நிறுவினேன், டிஏடபிள்யூவில் காணவில்லை' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விண்டோஸில் விஎஸ்டி3 வகை (விஎஸ்டி2 அதற்கு முந்தைய வகை) பிளக்இன்களுக்கு நிலையான இடம் உண்டு: புரோகிராம் ஃபைல்ஸ், அதனுள் காமன் ஃபைல்ஸ், அதனுள் விஎஸ்டி3. அங்கே கோப்பு இருந்தும் தெரியவில்லை என்றால் டிஏடபிள்யூவில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அங்கேயே இல்லையென்றால் நிறுவும்போது விஎஸ்டி2 மட்டும் தேர்ந்திருப்பீர்கள்.

இன்னொரு கேள்வி: 'கையேட்டில் சொன்ன கீஸ்விட்ச்சை அழுத்தினால் ஒன்றும் மாறவில்லை.' இரண்டு காரணம் இருக்கலாம். 25 கீ உள்ள கீபோர்டில் அந்த நோட் இருக்கவே இருக்காது, ஆக்டேவ் பட்டனால் கீழே இறங்க வேண்டும். அல்லது பெயர்க் குழப்பம். மிடி எண் 60-ஐ கியூபேஸ் சி3 என்று சொல்லும், எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்று சொல்லும். கையேடு சி0 என்றால் உங்கள் திரையில் அது சி1 ஆகவோ சி2 ஆகவோ இருக்கலாம். பிளேயரின் திரைக் கீபோர்டில் கீஸ்விட்ச்கள் பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். அதைச் சுட்டியால் கிளிக் செய்து, டிஏடபிள்யூவில் எந்த நோட் அதை இயக்குகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.