சாசேஜ் சீஸ் உருண்டை: உதிராமலும் கல்லாகாமலும் இருக்க

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் மேசையில் அந்தத் தட்டு இருக்கும். பெரிய நெல்லிக்காய் அளவில், பொன்னிறமாக, சீஸ் உருகி முறுகிய பழுப்புப் புள்ளிகளோடு ஓவனில் சுட்ட உருண்டைகள். இங்கே ‘சாசேஜ் பால்ஸ்’ என்பார்கள். எங்கள் வீட்டில் சாசேஜ் உருண்டை. பச்சைப் பன்றி இறைச்சி சாசேஜ், செடார் சீஸ், பிஸ்குவிக் என்ற கலவை மாவு ஆகிய மூன்றுதான் அடிப்படை. பொரிக்க வேண்டாம், அடுப்பருகே நிற்க வேண்டாம், தட்டும் கரண்டியும் இல்லாமல் விரலால் எடுத்துச் சாப்பிடலாம்.

ஜார்ஜியாவுக்குக் குடிவந்த முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மறுவாரமே நானும் செய்தேன். தட்டிலிருந்து எடுத்த உருண்டை விரலுக்குள்ளேயே பொடிந்தது. வாயில் போட்டால் மாவு நெடி. அடுத்த முறை பயந்துபோய் நன்றாகப் பிசைந்தேன். அது ரப்பர் பந்தாகிவிட்டது. அந்த இரண்டு முறையும் நான் செய்த பிழைகளையும், அதற்குப் பிறகு நண்பர்கள் வீட்டுச் சமையலறைகளில் பார்த்த பிழைகளையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ரவா லட்டு பிடித்திருப்பவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். நெய் போதவில்லை என்றால் லட்டு கையில் நிற்காது. சாசேஜ் உருண்டையிலும் அதே கதைதான். மாவை நனைத்துப் பிடிக்க இதில் தனியாகத் தண்ணீர் கிடையாது. சில வீடுகளில் கொஞ்சம் பால் விடுவார்கள், அவ்வளவுதான். இறைச்சியின் கொழுப்பும் ஈரமும், சீஸின் கொழுப்பும் ஈரமும் சேர்ந்துதான் அத்தனை மாவையும் கட்ட வேண்டும். அவை இரண்டும் குறைகிற எந்தக் காரியத்தைச் செய்தாலும் உருண்டை உதிரும்.

சாசேஜ் வாங்கும் இடத்திலேயே தொடங்கும் பிழை

கடையில் சாசேஜ் என்ற பெயரில் பத்து விதம் இருக்கும். இதற்கு வேண்டியது காலைச் சிற்றுண்டி சாசேஜ்: தோல் இல்லாமல், பச்சையாக அரைத்து, சேஜ் என்ற வாசனை இலையும் மிளகும் சேர்த்து, பிளாஸ்டிக் உருளையில் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் கணக்கில் அடைத்து விற்பது. ஹாட் டாக், புகையூட்டிய சாசேஜ் போன்றவை ஏற்கெனவே வெந்தவை. வெந்த இறைச்சியின் புரதம் இறுகிவிட்டது; அது இனி எதையும் கட்டாது. எவ்வளவு பொடியாக நறுக்கிப் போட்டாலும் மாவுக்குள் தனித்தனித் துண்டாகத்தான் கிடக்கும். தோலோடு இருக்கும் பச்சை சாசேஜ்தான் கிடைத்தது என்றால், தோலைக் கீறி உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுத்துக்கொள்ளலாம். இத்தாலிய வகையும் சரிதான், சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும்.

நம்மவர்கள் சிலரிடம் நான் பார்த்த வேறொரு பழக்கம், பச்சை இறைச்சியை அப்படியே மாவில் பிசைய மனம் வராமல் முதலில் வாணலியில் வதக்கிவிடுவது. வதக்கி, வெளிவந்த கொழுப்பையும் வடித்துவிடுவார்கள். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உருண்டையைக் கட்ட வேண்டிய பொருளைத்தான் அவர்கள் வடித்துக் கொட்டுகிறார்கள். பச்சையாகச் சேர்த்தாலும் ஓவனில் முழுதாக வெந்துவிடும். அதை எப்படி உறுதி செய்வது என்று கீழே சொல்கிறேன்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வான்கோழி அல்லது கோழி சாசேஜில் செய்யலாம். நானும் பலமுறை செய்திருக்கிறேன். அவற்றில் கொழுப்பு குறைவு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒரு பவுண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் மூன்று நான்கு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தால் ஈடாகிவிடும். ‘கொழுப்பு குறைத்தது’ என்று அச்சிட்ட பன்றி இறைச்சி சாசேஜுக்கும் இதே வைத்தியம்தான்.

துருவி விற்கும் சீஸ்

என் முதல் தோல்விக்கு முக்கியக் காரணம் இதுதான். பையில் துருவியே விற்கும் சீஸை அள்ளிப் போட்டேன். அந்தத் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்காக அதன் மேல் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, செல்லுலோஸ் போன்றவற்றைத் தூவியிருப்பார்கள். கட்டி சீஸ் ஒன்றும் பைத் துருவல் ஒன்றும் வாங்கி, இரண்டிலும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். வீட்டில் துருவியது உடனே ஒட்டிக் கட்டியாகும். பையிலிருந்து வந்தது விரலில் மெல்லிய வெள்ளைப் பொடியை விட்டுவிட்டு மறுபடி உதிர்ந்து விழும். ஏற்கெனவே ஈரம் பற்றாத கலவையில் ஈரத்தை உறிஞ்சும் பொடியை நாமே கூடுதலாகச் சேர்க்கிறோம்.

கட்டியாக வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன், குளிர் இறங்குவதற்குள், துருவியின் பெரிய துளையில் துருவுங்கள். கை வலிக்கும்தான், ஐந்து நிமிட வேலை. செடாரில் ‘ஷார்ப்’ என்று குறித்திருக்கும் நன்கு முதிர்ந்த வகை நல்லது. இளசான சீஸின் சுவை சாசேஜின் காரத்தில் அடிபட்டுப்போகும். அதற்காக இருப்பதிலேயே முதிர்ந்ததைத் தேடிப் போக வேண்டாம். மிக முதிர்ந்த செடார் சூட்டில் எளிதாக எண்ணெய் பிரிந்துவிடும்.

இந்தியாவில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எளிதில் கிடைக்கும் கட்டி சீஸ் பெரும்பாலும் பதப்படுத்தியது. எண்ணெய் பிரியாமல் இருக்க அதில் குழம்பாக்கி உப்புகள் சேர்த்திருப்பார்கள். ஆகவே செடார் போல உருகி மாவோடு கலப்பதில்லை. கொஞ்சம் அப்படியே நிற்கும். உப்பும் இருக்கும். செடார் கிடைக்கும் ஊரில் இருந்தால் செடாரே வாங்குங்கள். சாசேஜும் அங்கே பெரும்பாலும் வெந்த வகைதான். அதற்குப் பதில் கொழுப்புள்ள கொத்துக்கறி அரைக்கிலோ வாங்கி, ஒன்றரை தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், காய்ந்த மிளகாய்த் துகள், பொடித்த சோம்பு சேர்த்துப் பிசறி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மைதா அல்ல, கலவை மாவு

பிஸ்குவிக் மாவில் மைதாவுடன் கொழுப்பும் உப்பும் பேக்கிங் பவுடர் வகைப் பொருள்களும் கலந்தே இருக்கின்றன. ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி ஒருவர் 1930-இல் ரயிலில் போகும்போது நேரம் கடந்து சாப்பிடப் போயிருக்கிறார். சமையல்காரர் சில நிமிடத்தில் சுடச்சுட பிஸ்கட் (அமெரிக்காவில் இது மென்மையான குட்டி ரொட்டி) கொண்டுவந்து வைத்தாராம். மாவையும் கொழுப்பையும் முன்பே கலந்து பனிப்பெட்டியில் வைத்திருந்தார் என்பதுதான் ரகசியம். மறு ஆண்டே அந்த யோசனை பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்துவிட்டது.

அந்தப் பெட்டி கைவசம் இல்லாதபோது வெறும் மைதாவை அதே அளவு போடுவது பெரும்பிழை. கொழுப்பும் இல்லை, உப்ப வைப்பதற்கும் எதுவும் இல்லை; உருண்டை கூழாங்கல்லாகும். ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெய் என்று எடுத்து, வெண்ணெயை விரல் நுனியால் மாவில் தேய்த்துக் கலந்துகொண்டால் போதும். பேக்கிங் பவுடர் பழையதோ என்ற சந்தேகம் இருந்தால் சூடான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும்.

அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பலரும் கைக்கொள்ளும் பழைய அளவு ஒரு பவுண்டு சாசேஜ், ஒரு பவுண்டு சீஸ், மூன்று கப் கலவை மாவு, அரைக் கப் பால். இதில் சீஸை மட்டும் பாதியாகக் குறைத்துவிட்டு மாவை அப்படியே வைப்பவர்கள் நிறைய. சீஸ் விலை எனக்கும் தெரியும். ஆனால் சீஸைக் குறைத்தால் மாவையும் குறைத்தே தீர வேண்டும். முழு அளவு சீஸ் போடும்போதுகூட நான் இரண்டரைக் கப் மாவோடு நிறுத்திக்கொண்டு, பாலைக் கால் கப்பாகக் குறைத்துக்கொள்கிறேன். கப்பைப் பெட்டிக்குள் விட்டு அமுக்கி அள்ளவும் கூடாது. கரண்டியால் தளர்வாக நிரப்பி மேலே வழித்துவிட வேண்டும். ஒரு கப் கலவை மாவு 120 கிராம். தராசு இருந்தால் நிறுத்தே போடுங்கள்.

பிசையும் கை

சாசேஜை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் வளைந்து கொடுக்கும். முதலில் மாவையும் சீஸ் துருவலையும் மட்டும் கலந்து, ஒவ்வொரு துருவலிலும் மாவு ஒட்டும்படி பிசறிக்கொள்ள வேண்டும். அப்புறம் சாசேஜைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட்டால் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேரும். மொத்தக் கட்டியாகப் போட்டுவிட்டுப் பிசைபவர்கள்தான் கலக்கவே இல்லை என்று கால் மணி நேரம் போராடுவார்கள். அப்படிப் போராடும்போது இறைச்சியின் புரதம் பிசினாகி இறுகும். என் இரண்டாவது முறை ரப்பர் பந்து வந்தது அதனால்தான்.

எப்போது நிறுத்துவது? புட்டு மாவு நினைவிருக்கட்டும். பிடித்தால் பிடியாகி, உதிர்த்தால் உதிர்வது புட்டுப் பதம். இதற்கு அதைத் தாண்டி ஒரு படி வேண்டும்: பிடித்தால் பிடியாக வேண்டும், விரலால் தட்டினாலும் உடையக் கூடாது. கிண்ணத்தின் அடியில் உலர்ந்த மாவு தெரியாத நொடியில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் உதிர்கிறதென்றால் பிசையாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி பால் தெளியுங்கள்.

உருட்டும்போது எல்லாம் ஒரே அளவில், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாக இருக்கட்டும். சிறியது காய்ந்து, பெரியது நடுவில் வேகாமல் நிற்பதற்கு அளவு மாறுவதே காரணம். உருட்டியதை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கைச்சூட்டில் இளகிய கொழுப்பு மாவு வேகும் முன்பே வழிந்துவிட்டால் உருண்டை அப்பளமாகப் படர்ந்து, சுற்றிலும் சீஸ் குட்டை கட்டிவிடும்.

ஓவன்

350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ். முழுதாகச் சூடேறிய பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். சிறிய மேசை ஓவனுக்குப் பதினைந்து நிமிடமாவது கொடுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, உருண்டைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம் சுட வேண்டும். தட்டுக்கு விளிம்பு இருக்கட்டும். கொழுப்பு வழிந்து ஓவன் அடியில் விழுந்தால் புகை மண்டும். கறுப்புத் தட்டில் அடி சீக்கிரம் தீயும், ஐந்து நிமிடம் முன்னதாகவே பாருங்கள்.

மேலே பொன்னிறம் வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். சீஸ் முன்னதாகவே நிறம் கொடுத்துவிடும், உள்ளே இறைச்சி பச்சையாக இருக்கக்கூடும். சமையல் வெப்பமானியை இருப்பதிலேயே பெரிய உருண்டையின் நடுவில் குத்திப் பாருங்கள். அரைத்த பன்றி இறைச்சி என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி, வான்கோழி என்றால் 74. பச்சை இறைச்சியைப் பிசைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஓவன் கைப்பிடியைத் தொடுங்கள்.

முதல் நாளே செய்து வைக்க விரும்பினால் சுட்டு வைப்பதைவிட உருட்டி உறைய வைப்பது மேல். தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, கல்லானதும் பையில் போட்டுக்கொள்ளலாம். சுடும்போது உறைநீக்காமல் நேரே ஓவனில் வைத்து ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

மேசையில்

இதை நம் ஊர்க்காரர்கள் கூடும் விருந்துக்குக் கொண்டுபோகும்போது ஒரு காரியத்தை மறக்கவே கூடாது. மூன்று வருடம் முன்பு ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், மேசையருகே வந்த மாமி ஒருவர், “அடடே, போண்டாவா?” என்று கேட்டபடியே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய், “மாமி, வேண்டாம், அதில் பன்றி இறைச்சி இருக்கிறது” என்றேன். அவர் கை அப்படியே நின்றது. என்னைக் கோபிக்கவில்லை. மெதுவாக அதைக் காகிதத் துணியில் வைத்துவிட்டு, “ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாமே அம்மா” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். பார்வைக்கு இது போண்டாவேதான். அன்றிலிருந்து தட்டின் முன்னால் என்ன இறைச்சி, சீஸும் கோதுமையும் உண்டு என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்காமல் நான் மூடியைத் திறப்பதில்லை. சைவர்களுக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் நாம் செய்ய வேண்டிய மிகச் சிறிய மரியாதை அது.

விருந்து நீளும் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்காமல் பாதியை முதலிலும் மீதியைச் சூடாகப் பிறகும் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததை எடுத்து வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் திறந்தவெளி விருந்து என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. தொட்டுக்கொள்ளக் கடுகு சாஸ் பொருத்தம். எங்கள் வீட்டில் காரப் புளிச் சட்னியும் காலியாகிறது.

மீந்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சவசவவென்று ஆகிவிடும். ஓவனில் எட்டு பத்து நிமிடம் வைத்தால் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். மறுநாள் காலையில் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு துண்டு ஆம்லெட் வைத்து என் மகன் பள்ளிக்கு எடுத்துப் போகிறான்.