வீட்டில் டிவி இல்லை, லைசென்ஸ் கடிதம் மட்டும் வருகிறது

பிரிட்டனில் வீடு மாறிய கொஞ்ச நாளில் பெயர் போடாத கடிதம் ஒன்று வந்து விழும். இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் (டிவி பார்க்க ஆண்டுக் கட்டணம் கட்டி எடுக்கும் அனுமதி) இல்லை, விசாரணை வரும் என்று கொட்டை எழுத்தில் மிரட்டும். 'டிவியே இல்லையே, எனக்கென்ன?' என்று அதைக் கிழித்துப் போடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வீட்டில் பெட்டி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். சென்னைச் செய்திச் சேனலை யூடியூபில் நேரலையாகப் போனில் பார்ப்பதும் இதில் அடங்கும். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் 2016 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் கட்டாயம். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்கவோ ரேடியோ கேட்கவோ தேவையில்லை. பெரிய டிவி வாங்கி அதில் கேம் மட்டும் விளையாடினாலும் தேவையில்லை.

பயந்துபோய்ப் பணம் கட்டுவது இதற்கு நேர்மாறான தவறு. 2025 ஏப்ரலில் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. புதிதாக வந்த மாணவருக்கு அது சின்னத் தொகையா? தேவையில்லாமல் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். லைசென்ஸ் தேவையில்லை என்று இணையத்தில் தெரிவித்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு வருடம் கடிதத் தொல்லை குறையும். தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நிம்மதிக்காகச் செய்துவிடுங்கள் என்பேன். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், போலிகள் நிறைய.

லைசென்ஸ் விசாரணைக்காக வாசலில் அடையாள அட்டையோடு ஒருவர் நின்றால் நம் வழக்கப்படி 'உள்ளே வாங்க' என்றுவிடுவோம். வேண்டாம். அவர் போலீஸ் இல்லை. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை, அவர் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பேச்சுவாக்கில் 'எப்பவாவது மேட்ச் பார்ப்பேன்' என்றால் அதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். 'இப்போது பேச விருப்பமில்லை' என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். வாரண்டோடு வந்தால் மட்டும் தடுக்காதீர்கள்.

நீதிமன்றத்திலிருந்தே கடிதம் வந்தால் கதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும், அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். குற்றம் செய்யவில்லை என்றால் அதையே எழுதி அனுப்புங்கள். அப்புறம் விசாரணையில் நேரில் பேச வாய்ப்புக் கிடைக்கும்.