இரண்டே விநாடியில் வந்த ‘சரி’

காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் போன வாரம் ஓடி வந்தார். “அண்ணா, எல்லாம் நிரூபணமாகிவிட்டது. மூன்றே விநாடி!” நிரலில் பிழை இல்லை என்று நிரூபிக்கும் சரிபார்ப்புக் கருவி தந்த முடிவைத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுத்துப்பிழை, விட்டுப்போன அரைப்புள்ளி போன்றவற்றைக் கருவியே காட்டிவிடும். நாம் தரும் அனுமானங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டாது.

முரண்படும் அனுமானங்கள்

‘உள்ளீடு இந்த எல்லைக்குள்தான் வரும்’ என்று சரிபார்ப்புக் கருவிக்கு நாம் எழுதித் தருவது அனுமானம். இரண்டு அனுமானங்கள் முரண்பட்டால், ஆராய ஒரு மதிப்பும் மிஞ்சாது. அப்போது எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றே பதில் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், குளிர்கிடங்கு ஒன்றின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு நிரலை சிபிஎம்சி (CBMC) என்ற சரிபார்ப்புக் கருவி கொண்டு சரிபார்த்தேன். பழைய சில்லின் (chip) அளவீடு 10 பிட், 1023ஐத் தாண்டாது. புதியது 12 பிட். 4095 வரை போகும். புதிய பகுதியைத் தனியே சோதிக்க, ‘அளவீடு 1023ஐவிடப் பெரியது’ என்று சேர்த்தேன். வேறொரு கோப்பில் ‘1023ஐத் தாண்டாது’ என்ற பழைய வரி அப்படியே கிடந்தது. நாற்பது நிமிடம் ஓடிய சரிபார்ப்பு இரண்டு விநாடியில் முடிந்தது. மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டேன்.

1024 இடங்களே உள்ள அட்டவணைக்கு வெளியே நிரல் படித்துக்கொண்டிருந்தது துவாஸில் ஒரு நள்ளிரவில்தான் தெரிந்தது. மின்சுற்றுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நிரலை மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

இதற்கு மருந்து ஒரே வரி. சோதனையின் கடைசியில் ‘பொய்’ என்ற உறுதிக்கூற்றை, அதாவது கருவி சரிபார்க்க வேண்டிய வரியை, வையுங்கள். கருவி அதை மறுத்தாக வேண்டும். அதையும் ‘சரி’ என்றால், நிரல் அந்த இடத்தை எட்டவே இல்லை. மாணவரின் சோதனையில் வைத்துப் பார்த்தோம். ‘சரி’ என்றே வந்தது.

பழைய நிரல், புதிய இடம்

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 விண்வெளி ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆகுமுன்பே சிதறியது. ஏரியான் 4இலிருந்து எடுத்தாண்ட நிரலில், கிடைத்திசை வேகம் சார்ந்த 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. எனவே ஒவ்வொரு அனுமானத்தின் பக்கத்திலும் அது எந்தச் சில்லுக்கு, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியது என்று குறித்துவையுங்கள்.

சுழற்சி வரம்பு

நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சியை, நாம் சொன்ன எண்ணிக்கை வரைதான் இத்தகைய கருவி பார்க்கும். 10 சுற்று பார்த்துவிட்டு 11ஆவது வராது என்று நம்பாதீர்கள். அதையும் கருவியை நிரூபிக்கச் சொல்லுங்கள்.

எண்ணின் அகலம்

உங்கள் சில்லில் முழு எண் 16 பிட்டா, 32 பிட்டா? கருவியிடம் முதலில் சொல்லுங்கள்.